வெளியே நின்ற ரிப்ஸ்

இலையை விரலில் கசக்கினால் பூனை மூத்திர மணம். எங்கள் "ரிப்ஸ்" பூச்செடியைப் பற்றி அம்மா சொன்ன முதற்குற்றம் அதுதான். இரண்டாவது, மூன்று வசந்தம் போயும் அது ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒஸ்லோவில் ஒரு வரிசை வீட்டுக்குக் குடிவந்த புதிதில், சிவந்த கொத்துகள் தொங்கும் படத்தைப் பார்த்து, சாமித் தட்டுக்குப் பூவாகும் என்றுதான் அதை வாங்கினார்.

அப்பாவோ நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க விறைக்க வேலைசெய்துவிட்டு வந்தவர். உயிருள்ள எதையும் பனியில் விடமாட்டார். ஒக்டோபர் பிறந்ததும் கறிவேப்பிலைத் தொட்டியோடு ரிப்ஸ் நின்ற வாளியையும் தூக்கிவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்.

"வாற வருசமும் பூக்காட்டி உதைப் பிடுங்கிப்போட்டு வெங்காயம் நடப்போறன்" என்று அம்மா தீர்ப்புச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. செடியில் தொங்கிய சீட்டு, நூலகப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்து, குளிர்காலம் முழுக்க வெளியே உறங்கினால்தான் அது பூக்கும் என்று கண்டுபிடித்து ஓடிவந்தேன்.

"புத்தகம் எழுதினவன் பாட்ஸ்பியோர்ட்டில நிண்டவனோ?" என்றார் அப்பா.

"குளிர் தாங்குமெண்டு சீட்டிலயும் கிடக்கப்பா!"

"நீயும் இஞ்சைதான் பிறந்தனீ. ஜாக்கெட் இல்லாமல் அனுப்பிறனோ?"

அம்மா சிரித்துவிட்டு, "விடுங்கோவன், எப்பிடியும் பிடுங்கிறதுதானே" என்றார். வாசலோரம் நட்டோம். தையில் பனிக்கு மேலே இரண்டு குச்சிகள்தான் தெரிந்தன. புத்தகம் பொய்த்தால் கொலை என்னுடையது என்று பயந்துபோனேன். வேலைக்குப் போகும் அப்பா தினமும் குனிந்து, நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டிப் பார்ப்பதை யன்னலிலிருந்து பார்ப்பேன். "பச்சை கிடக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடப்பார்.

மே மாதம் குச்சியெல்லாம் பூக்கொத்து சிவந்து தொங்கியது. அம்மா ஒரு கொத்தைக் கிள்ளி, சந்தேகத்தோடு மோந்து, "பூ பிழையில்லை" என்று பிள்ளையாருக்கு வைத்தார். "கெட்டிக்காரி" என்றார் அப்பா. என்னையா, செடியையா என்று நான் கேட்கவில்லை.

இப்போது அப்பாவும் அம்மாவும் ஒஸ்லோவை விட்டு, திராமன் நகரில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். பழைய வீட்டை வாங்கியவர்கள் ரிப்ஸ் நின்ற வாசலோரம் கல் பாவிக் கார் நிறுத்துவதைப் போன கிழமைதான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இன்று முதற்பனி. ஒவ்வொரு வருடமும்போல அப்பா போன் எடுத்தார்.

"அந்தப் பக்கம் போனனியோ? உன்ர ரிப்ஸ் நிக்குதோ?"

"ஓமப்பா, வெளியிலதான்."

"கெட்டிக்காரி" என்றார், செடியை.