நீ பாத்தியா, கேட்டியா?

நாமக்கல்லில் எங்கள் லாரி ஆபீசில் அப்போது ஒரே ஒரு போன். டிரைவர்கள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவார்கள். மீட்டர் ஓடுகிற பயத்தில் வளவளப் பேச்சே கிடையாது. "அக்கா, ஓசூர் தாண்டியாச்சுங்க. லோடு பத்திரமுங்க." அவ்வளவுதான். யாராவது "முன்னால ரோடு மறியலாமுங்க" என்று இழுத்தால், என் வீட்டுக்காரர் ரிசீவரைப் பிடுங்கி ஒரே கேள்வி கேட்பார்: "நீ பாத்தியா, கேட்டியா?" கேட்டது என்றால் அந்தச் சேதி வாசலோடு சரி. பார்த்த ஆள் கிடைக்கும்வரை வண்டியைத் திருப்பச் சொல்லமாட்டார். அந்த நாளெல்லாம் எவ்வளவு சுகம் தெரியுமா! மத்தியானம் குட்டித் தூக்கம்கூடப் போட்டிருக்கிறேன்.

இப்போது வாட்ஸ்அப்பில் டிரைவர் குழு, புக்கிங் குழு, சங்கத்துக் குழு என்று என் போன் ஓயாமல் கத்துகிறது. ரோஜாப்பூவோடு காலை வணக்கம், முட்டை விலை, யாரோ பேரனுக்குக் காதுகுத்து. இதற்குள் எங்கள் வண்டி எங்கே நிற்கிறதென்று தேடிப் பிடிப்பதற்குள் கண் பூத்துப்போகிறது. இந்தச் சனியனைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று ஆத்திரமாக வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, குழுவில் ஒரு போட்டோ. கேரளா மலைப்பாதையில் கவிழ்ந்த லாரி. நம்பர் சேற்றில் புதைந்திருக்க, நெற்றியில் 'ஆஞ்சநேயர் துணை' மட்டும் தெரிந்தது. எங்கள் முட்டை வண்டியிலும் அதே எழுத்துதான், அதே வழியில்தான் போயிருந்தது. டிரைவர் போன் அணைந்து கிடந்தது. மூச்சு விடுவதற்குள் 'ஆழ்ந்த இரங்கல்' வரிசை கட்டிவிட்டது. அவன் பெண்டாட்டி தலைவிரி கோலமாக ஆபீசுக்கு ஓடி வந்தாள்.

"இத்தன பேரு போட்டிருக்காங்களே அக்கா, பொய்யா இருக்குமுங்களா?"

இந்த ஊரில் பாதி லாரி நெற்றியில் அதே எழுத்துதானே என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. என் வீட்டுக்காரர் குழுவை மூடி வைத்துவிட்டு, இரங்கல் போட்டவர்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு அந்தப் பழைய கேள்வியையே கேட்டார். ஒருத்தரும் பார்க்கவில்லை. போட்டோவே என்றைக்கோ எடுத்ததாம், கை மாறி கை மாறி வந்திருக்கிறது. கடைசியில் லோடு இறக்க வேண்டிய முட்டைக் கடைக்காரரைப் பிடித்தார்.

"உங்க ஆளா? இங்கதான் இறக்கிட்டிருக்காரு. போன்ல சார்ஜ் இல்லியாம்."

அவனைக் கூப்பிடச் சொல்லி, போனை அவள் கையில் கொடுத்தோம். "ஏனுங்க..." என்றதுமே அழுதுவிட்டாள். "என்ன சாமி, என்னாச்சு?" என்று அந்தப் பக்கம் அவன் கத்துவது எனக்கே கேட்டது.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். "எதையாச்சும் பேசுங்க. பேசிட்டே இருங்க."