வள்ளியூருக்கு ஆயிஷா அக்கா போன நாள்

செவ்வாய்க்கிழமை காலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்கு உட்கார்ந்ததும், மேலப்பாளையத்திலிருந்து ஆயிஷா அக்காவின் வாப்பா பேசினார். "நம்ம ஆயிஷா மௌத்தாயிட்டாம்மா." மூன்று மாதமாக மருத்துவ விடுப்பில் இருந்த அக்கா இனி வரமாட்டார்.

கூட வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அக்காவின் கோபம் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன்.

அன்று பாளையங்கோட்டையில் ஓர் ஈரானியப் படத்தைக் காலைக் காட்சியாகப் போட்டார்கள். பிரபல இயக்குநர் என்று பொய் சொல்லி ஒரு குடும்பத்தோடு பழகிய ஏழையின் கதை. கடைசியில் உண்மையான இயக்குநரே அவனை மோட்டார் சைக்கிளில் அந்த வீட்டுக்கு அழைத்துப் போகிறார். வழியில் அவர்கள் பேசுவது விட்டுவிட்டுத்தான் கேட்டது. படத்தையே அப்படித்தான் எடுத்திருந்தார்கள் என்று தெரியாமல், மெஷின் கோளாறு என்று நம் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். பூந்தொட்டியோடு அவன் வாசலில் நின்று அழுதபோது அரங்கம் அடங்கியது. அக்கா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் வீட்டிலும் அப்படி ஒன்று நடந்திருந்தது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற வாப்பா பாட்டுக் கட்டுவார். வானொலியில் வேலை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வாரந்தோறும் வந்து அவற்றைக் கேட்டார். தன் பாட்டு ஒலிபரப்பாகும் என்று வாப்பா தெரு முழுக்கச் சொல்லிவைத்தார். விசாரித்தால், ஆள் வள்ளியூர் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுபவர். அக்கா நடுத்தெருவில் அவரை ஏசி விரட்டினார். அதன்பின் வாப்பா பாடவேயில்லை.

படம் விட்டு வெளியே வந்ததும், "ஏளா, வள்ளியூர் பஸ் எங்கன நிக்கும்?" என்றார் அக்கா.

"இப்பமேவா?"

"இப்ப விட்டா எனக்குக் கோவம் திரும்பி வந்துரும்."

சைக்கிள் கடையில் எங்களைக் கண்டதும் அந்த மனிதர் அடி வாங்கத் தயாரானவர்போல எழுந்து நின்றார். "வாங்க. வாப்பாவப் பாக்கணும்" என்றார் அக்கா. அவர் கையைக் கழுவிக்கொண்டு எங்களோடு வந்தார்.

மேலப்பாளையத்தில் கதவைத் திறந்த வாப்பா அவரைப் பார்த்துக் கேட்டார்.

"பாட்டு நல்லாருக்குன்னு சொன்னீரே வே, அதுவும் பொய்தானா?"

"அது மட்டும் பொய்யில்ல, பெரியவரே."

தலை குனிந்தபடியே ஒரு பாட்டின் முதல் அடியைச் சொன்னார். பிறகு இரண்டாம் அடி. மூன்றாவதில் தடுமாறியபோது வாப்பா எடுத்துக் கொடுத்து, அவரை உள்ளே அழைத்துப் போனார்.

நான் உள்ளே போகப் பார்த்தேன். அக்கா தடுத்து, கதவை வெளியிலிருந்து பையச் சாத்தினார். "இனி அவங்க பாடு. நாம கேக்க வேண்டாம்."

உள்ளே என்ன பேசினார்கள் என்று அக்கா கடைசிவரை கேட்கவில்லை. நேற்று அக்காவின் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்களில் அந்த வள்ளியூர்க்காரரும் இருந்தார். அக்காவை நினைத்துக்கொள்ள எனக்கு, அந்தத் தெருவில் எதையும் ஒட்டுக்கேட்காமல் அக்காவோடு சும்மா நின்றிருந்த அரை மணி நேரம் போதும்.