இடப்பக்கம் போன அம்புகள்

மாமாவின் வில்லில், கை பிடிக்கும் இடத்தில் தோல் சுற்றியிருக்கும். பிடித்துப் பிடித்து அந்தத் தோல் முழுவதுமே கறுத்துப்போவதுதான் வழக்கம். மாமாவின் வில்லிலோ கட்டைவிரலின் அடிமேடு படுகிற ஓரிடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. விரல்கள் சுற்றி வரும் மற்றப் பக்கமெல்லாம் புதுத்தோல் போலவே இருந்தது. லாலாகுடா ரயில்வே காலனியில் எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறைச் சுவரில் அது தொங்கும். வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, இதை யாரும் அதிகம் தொடுவதில்லை போலிருக்கிறது என்பார்கள். மாமா சிரித்துக்கொண்டே அதை வாங்கி மறுபடி சுவரில் மாட்டிவிடுவார்.

மாமா என்றால் என் அக்காவின் புருஷர். ரயில்வே பட்டறையில் பாய்லர் வேலை. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சில் ஊரை விடாதவர். நான் பட்டறை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன், அவர்களோடுதான் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாமா வில்லைத் துணியில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு போலாரத்துக்குப் போவார். அங்கே பட்டாள பாரக்குகளுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் வில் பழகுகிறவர்கள் சிலர் கூடுவார்கள். மைதானத்தைப் பார்த்துக்கொண்ட கிழவரை எல்லோரும் சாச்சா என்பார்கள். தசராவின்போது அங்கே நடக்கும் போட்டியில் மாமாவின் அம்புகள் ஒரே கொத்தாக, ஒரு கைப்பிடிக்குள் அடங்குவதுபோல் நிற்கும்.

ஒருமுறை விளையாட்டாக நானும் அந்த வில்லை எடுத்து விட்டுப் பார்த்தேன். அம்பு இலக்கைவிட்டு இடப்பக்கம் எங்கோ போய் விழுந்தது. "வில்லை நீ புடிக்கவே கூடாதும்மா," என்றார் மாமா. "அது உங்கையில சாஞ்சிகினு இருந்தா போதும். நெருக்கிப் புடிச்சா அது திரும்பிக்கும், அம்பையும் திருப்பி வுட்ரும். அதுவும் ஒவ்வொரு தபா ஒவ்வொரு மாதிரி திருப்பும்." அவர் நாணை இழுத்து நிற்கும்போது இடது கையைப் பார்த்திருக்கிறேன். விரல்கள் தூங்கும் குழந்தையின் விரல்கள்போல் தளர்ந்து கிடக்கும்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. பிளேக் பரவி, வீடுகளைக் காலி செய்து ஊருக்கு வெளியே கூடாரங்களில் எல்லோரும் கிடந்த சமயத்தில் போய்விட்டது. அக்கா வாய்விட்டு அழுது, மெல்ல மெல்லத் தேறினாள். மாமா அழவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போலாரம் போக ஆரம்பித்தார். அக்கா அந்த மைதானத்தை எட்டிப் பார்த்ததே இல்லை. "அங்கத்தான் மனசு எதையும் புடிச்சிகினு நிக்கறதில்ல," என்று என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார் மாமா.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பு, பட்டறையில் ஏணியில் நின்று வேலை செய்தபோது மாமாவுக்குக் கால் வழுக்கியிருக்கிறது. விழாமல் இருக்க இடது கையால் கிடைத்ததைப் பற்றினார். அது கொதிக்கும் நீராவிக் குழாய். நான்தான் தினமும் கட்டு மாற்றினேன். ரணம் ஆறியது, ஆனால் ஆறிய தோல் சுருங்கி, சுண்டுவிரலையும் மோதிர விரலையும் உள்ளங்கையோடு இழுத்துக்கொண்டது. பெரிய சுத்தியலை இரண்டு கையாலும் பிடிக்க முடிந்தது. இந்த மட்டும் பிழைத்தோமே என்றாள் அக்கா. பட்டறையில் அதே வேலையில் திரும்பச் சேர்ந்தார்.

வில்தான் முடியவில்லை. அந்த இரண்டு விரல்களும் வில்லைக் கவ்விக்கொண்டன. எப்போதும் ஒரே அளவு இடப்பக்கம் போனால் அந்த அளவுக்கு வலப்பக்கம் குறிவைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று மாதக்கணக்கில் முயன்றார். காலைக் குளிரில் விரல்கள் இரும்பாக இறுகும், வெயில் ஏறினால் கொஞ்சம் இளகும், வலி வந்தால் மறுபடி இறுகும். ஒவ்வொரு அம்பும் ஒவ்வோரிடத்தில் போய் நின்றது. "நக்கோ பாய், போதும். கை ஓய்வு கேக்குது," என்று சாச்சா தடுத்தும் கேட்கவில்லை. வீட்டில் பேச்சு குறைந்தது. தட்டில் சோறு அப்படியே இருக்கும்.

ஒருநாள் என் டூட்டி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டரிடம் அந்த இரண்டு விரல்களையும் எடுத்துவிடும்படி கேட்டார். டாக்டர் தமிழர்தான், கோபப்படாமல் சொன்னார்: "இதை வெட்டினா சுத்தியல் பிடி போயிடும். பிடி போனா வேலை போயிடும். நல்லா இருக்கிற கையை நான் வெட்ட மாட்டேன்."

"நல்லா இல்லீங்களே," என்றார் மாமா.

வெளியே வராந்தாவில் என்னைப் பார்த்தார். "நீ ஒரு வார்த்த சொல்லேன்."

"அக்காவை நெனச்சுப் பாருங்க மாமா," என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த மாதமே ஒரு மத்தியானம் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கையில் சுற்றியிருந்த பழந்துணி நனைந்து சொட்டியது. தகடு வெட்டும் மெஷினில் கை சிக்கிவிட்டதாம். துணியைப் பிரித்தேன். இரண்டு விரல்கள் மட்டும், அடியோடு, கோடு போட்டு வெட்டியதுபோல் போயிருந்தன. பக்கத்து விரலில் ஒரு கீறல் இல்லை. சிக்கிய கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் ஊசியைக் கொதிக்கவைக்கப் போனேன். அக்கா ஓடிவந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எப்படி ஆயிற்று என்று அவள் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

பாய்லர் வேலை போயிற்று. இரக்கப்பட்டு கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். புண் நன்றாக ஆறியபின் ஒரு ஞாயிறு அவர் வில்லை எடுத்தபோது, "நானும் வரேன்," என்றாள் அக்கா. மூவரும் போலாரத்துக்கு பஸ்ஸில் போனோம்.

மாமா நின்றார். கட்டைவிரல் மேட்டில் வில் சாய்ந்தது; அதைக் கவ்வ விரல் இல்லை. நாணை இழுத்து விட்டார். அம்பு இடப்பக்கம் போயிற்று. அடுத்தது இன்னும் இடப்பக்கம். அதற்கடுத்தது கீழே மண்ணில். முன்னங்கையில் நரம்புகள் புடைத்து நின்றதை நான் கண்டேன். வெறும் இடத்தை எதுவோ நெரித்துக்கொண்டிருப்பதுபோல. வெட்டியெடுத்த உறுப்பு இன்னும் இருப்பதாகவே நோயாளிகள் துடிப்பதைப் பிறகு யுத்த காலத்தில் நிறையப் பார்த்தேன். அன்று எனக்கு அது தெரியாது.

அவர் வில்லைக் கீழே வைத்தார். "போன வெரலு ரெண்டும் இன்னும் புடிச்சிகினே கீதும்மா," என்றார் என்னிடம். "வுடவே மாட்டேங்குது."

அக்கா அவரை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, இடது கையை மடியில் எடுத்துக்கொண்டாள். விரல் இல்லாத அந்த இடத்தில், காற்றில், ஒவ்வொரு விரலாக நீவிப் பிரித்துவிடுவதுபோல் தன் விரல்களை மெதுவாக நகர்த்தினாள். அம்புகளைப் பொறுக்கி வந்த சாச்சா தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"வுட்டுதா?" என்று கேட்டாள் அக்கா.

மாமா கண்ணை மூடிக்கொண்டு, இல்லை என்று தலையசைத்தார். அக்கா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.