மிதுனனை றிலீஸ் பண்ணிவிட்டார்கள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சச்சிதானந்தனோடு யாரும் கதை கொடுக்கக்கூடாது. கொடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவார். அப்போது இங்கிலாந்தில் பின்னேரம் மூன்று மணி, பந்தாட்டம் தொடங்குகிற நேரம். நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்வது ரொறன்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கொட்டகையில். ஷெட் என்றுதான் எல்லோரும் சொல்வோம். சச்சி அண்ணை கோப்பியை எடுத்துக்கொண்டு ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் சொருகிக்கொள்வார். மற்றக் காது எங்களுக்காம். அந்தக் காதாலும் அவர் எங்களைக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

இந்த ஊரில் பந்தாட்டப் பைத்தியம் பிடித்த தமிழருக்குக் குறைவே இல்லை. எல்லோரும் முதற்பிரிவுப் பெரிய கழகங்களின் ஆட்கள். இங்கிலாந்தில் காலே வைக்காதவன்கூட அந்தக் கழகம் தோற்றால் வீட்டில் சாப்பிடமாட்டான், பெண்சாதியோடு முகம் கொடுத்துப் பேசமாட்டான். சச்சி அண்ணை கேட்டதோ நான்காம் பிரிவுக் கழகம் ஒன்றின் வானொலி வர்ணனை. அந்தக் கழகத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கு ஒரு விளம்பரம் ஆகிவிடும், அந்த மரியாதைக்கு அது லாயக்கில்லை.

"அண்ணை, உது என்ன ரீம்? பேக்கரிப் பேர் மாதிரிக் கிடக்கு" என்று ஷெட்டில் பெடியள் பகிடி பண்ணுவார்கள்.

"சிரியுங்கோ, சிரியுங்கோ. உதிலை என்ர மகன் விளையாடேக்கை ரிக்கற் கேட்டு என்னட்டைத்தான் வருவியள்" என்பார்.

மகன் மிதுனன் லண்டனில் பிறந்தவன். இடதுகால்காரன். சின்ன வயதிலேயே அந்தக் கழகத்தின் சிறுவர் அணிக்குள் போய்விட்டான். சச்சி அண்ணையும் ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிக்கு விளையாடியவர்தான். பிறகு அவருடைய முழங்கால் பழுதாகிப்போனது, அது எப்படி என்று கீழே சொல்கிறேன். தன்னால் ஓட முடியாத ஓட்டத்தை மகன் ஓடுகிறான் என்று அவர் நினைத்தார். நினைத்ததில் பிழையில்லை. ஆனால் அதை அவர் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொன்னார்.

லண்டனில் அவர் வேலை செய்த கடையை மூடினார்கள். மனைவி ஜெயமலரின் சகோதரங்கள் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் வீடுவாசலோடு இருந்தார்கள், வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அலுவல் எல்லாம் சரிவந்து குடும்பம் புறப்பட நின்ற சமயத்தில், பதினாறு வயதான மிதுனனுக்குக் கழகம் இரண்டு வருட ஸ்கொலர்ஷிப் கொடுத்தது.

ஸ்கொலர்ஷிப் என்றால் எங்கள் சனத்துக்குப் படிப்பு. ஜெயமலர் அக்காவுக்கும் அப்படித்தான் விளங்கியது. படிப்பிக்கிறார்கள், சாப்பாடு போடுகிறார்கள், ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்றதும், அழுதழுது என்றாலும் பிள்ளையை விட்டுவிட்டு, சின்னவள் அட்சயாவைக் கையில் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினார். பந்தாட்டக்காரர் அந்தச் சொல்லை வேறு விதமாகப் பாவிக்கிறார்கள். காலையில் பயிற்சி, மத்தியானம் பயிற்சி, ஒப்புக்குக் கொஞ்சம் வகுப்பு. இரண்டு வருடம் முடிய அந்தப் பிள்ளைகளில் ஒருவனையோ இரண்டு பேரையோ பெரிய அணிக்கு எடுப்பார்கள். சில வருடம் ஒருவனையும் எடுப்பதில்லை. மிச்சம் எல்லோருக்கும் வாசலைக் காட்டிவிடுவார்கள். சச்சி அண்ணைக்கு இது தெரியாததில்லை. தன் பிள்ளை அந்த மிச்சத்துக்குள் வருவான் என்று மட்டும் அவருக்குத் தோன்றவேயில்லை.

இனி றிலீஸ் என்ற சொல்லுக்கு வருகிறேன்.

சச்சி அண்ணையை இருபத்துமூன்று வயதில் பிடித்து, இலங்கையின் தெற்கே ஒரு தடுப்பு முகாமில் போட்டார்கள். குற்றச்சாட்டு எதுவும் கிடையாது. முழங்கால் போனது அங்கேதான். அவர் உள்ளே கிடந்த காலம் முழுக்க அவருடைய வீட்டில் புழங்கிய ஒரே ஆங்கிலச் சொல் றிலீஸ். எப்ப றிலீஸாம், றிலீஸ் ஓடர் வந்திட்டுதாமோ, பக்கத்து வீட்டுப் பெடியன் றிலீஸாம், எங்கட பிள்ளை எப்பவாம். ஒருநாள் அவரும் றிலீஸ் ஆனார். பிறகு லண்டன், அதற்கும் பிறகு கனடாவில் இந்த ஷெட். இங்கே வருகிற சரக்கைச் சுங்கத்துக்காரர் பார்த்து வெளியே விடுவதற்கும் அதே பெயர்தான். றிலீஸ் கிடைத்த பெட்டி உரியவனின் வீட்டுக்குப் போகும். கிடைக்காத பெட்டி மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும். போதாதற்கு எங்கள் ஆட்களுக்குப் படம் றிலீஸ் ஆனாலும் கொண்டாட்டம். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் அது எங்களுக்கு நல்ல சொல்.

பனி கரைந்து மரங்கள் துளிர்விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மிதுனனிடமிருந்து தகப்பனின் போனுக்கு ஒரு வரி வந்தது. "அப்பா, தே றிலீஸ்ட் மீ ருடே."

சச்சி அண்ணை எழும்பி நின்றுவிட்டார். "எடேய், விட்டிட்டாங்களடா! பெடியனை றிலீஸ் பண்ணிட்டாங்கள்!"

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நானும் வாசித்தேன். இரண்டு வருடக் கட்டு முடிந்தது, இனிப் பெரிய அணிக்கு விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்கும் பட்டது. என்னுடைய ஆங்கிலமும் இதே ஷெட்டில் பொறுக்கியதுதானே. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவர் மகனுக்குப் பதில் எழுதினார். "சந்தோசம் ராசா. இந்த நாளுக்காகத்தான் அப்பா இவ்வளவு காலமும் காத்திருந்தனான்."

அந்தப் பிள்ளை அதை எப்படி வாசித்திருப்பான் என்று இன்றைக்கும் நான் நினைப்பதுண்டு.

மகனை உடனே கூப்பிட்டார், அவன் எடுக்கவில்லை. "பார்ட்டியிலை நிப்பான்" என்றார். வீட்டுக்குப் போன் எடுத்து, பெரிய ரீமுக்கு எடுத்துவிட்டார்கள் என்று தன்னுடைய மொழிபெயர்ப்பைச் சொன்னார். அந்த ஆங்கில வரி ஜெயமலர் அக்காவின் கண்ணிலும் படவில்லை, அட்சயாவின் கண்ணிலும் படவில்லை. பட்டிருந்தால் லண்டனில் பள்ளிக்கூடம் போன அட்சயா அந்த இடத்திலேயே சொல்லியிருப்பாள். பொழுது படுவதற்குள் எங்கள் விளையாட்டுக் கழகத்து வாட்ஸ்அப்பில் மிதுனனின் படம், பின்னால் பட்டாசு வெடிக்கிற மாதிரி ஒரு சோடனை. கோடைகாலச் சுற்றுப்போட்டிக்குப் பிரதம விருந்தினர் அவன்தான் என்று செயலாளர் அறிவித்தார். கையெழுத்துப் போட்ட சட்டை ஒன்று வேண்டும் என்று பகிடி பண்ணின பெடியளே கேட்டார்கள். சச்சி அண்ணை தலைகால் தெரியாமல் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு அர்ச்சனை. மத்தியானம் ரெக்ஸ்டேலில் அவர் குடியிருந்த வரிசை வீட்டில் சாப்பாடு. மார்க்கத்துச் சொந்தம், ஷெட் ஆட்கள், கழகக்காரர் என்று இருக்க இடமில்லாமல் படிக்கட்டிலும் சனம். யாரோ ஒருவர் சொன்னார், பெடியனைக் கூப்பிடுங்கோ, வாழ்த்துச் சொல்லுவம் என்று. அட்சயா வீடியோவில் அழைத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று பெரிய ரீவியில் போட்டாள். இந்தமுறை மிதுனன் எடுத்தான்.

சுவர் அகலத்துக்கு அவனுடைய முகம் வந்தது. கட்டிலில் இருந்தான். பின்னால் ஒரு சூட்கேஸ் திறந்தபடி கிடந்தது. எங்கள் சனம் கை தட்டியது, விசிலடித்தது.

"என்னத்துக்கு எல்லாரும் வந்திருக்கினம்?" என்று கேட்டான்.

"உனக்குத்தானடா!" என்றார் சச்சி அண்ணை.

அவன் சூட்கேஸைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான். "அப்பா, நான் மெசேஜ் போட்டனான்தானே. றிலீஸ்ட் எண்டா... தே டோன்ற் வோண்ற் மீ. என்னை வேண்டாமெண்டு அனுப்பிட்டினம்."

ஒவ்வொருவராகக் கை தட்டுவதை நிறுத்தினார்கள். சச்சி அண்ணையின் முகத்தில் ஈயாடவில்லை. சனத்தின் பக்கம் திரும்பி, "பகிடி விடுறான்" என்றார்.

"பகிடி இல்லை அப்பா. இந்த ரூமும் இந்தக் கிழமையோட விடவேணும். நான் வீட்டை வரட்டோ?"

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. மிகத் தெளிவாகக் கேட்டது. சச்சி அண்ணை மகனைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். பிறகு, "தம்பி, லைன் சரியில்லை. பிறகு எடுக்கிறன்" என்று சொல்லி அட்சயாவின் கையிலிருந்த போனை வாங்கி நிறுத்தினார்.

ஜெயமலர் அக்கா குசினிக்குள் போய்விட்டார். எங்களுக்குத் தந்த சாப்பாட்டை நாங்கள் சாப்பிட்டோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அது நாகரிகமாம். காரில் ஏறிய பிறகு எல்லோரும் வாய் கிழியக் கதைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், நானும் கதைத்தேன்.

இங்கிலாந்துக்காரரில் எனக்கு ஆத்திரம்தான். ஒன்பது வயதில் ஒரு குழந்தையைப் பிடித்து, அதற்கு வேறொன்றும் தெரியாமல் வளர்த்து, பதினெட்டு வயதில் போ என்று துரத்துகிறார்கள். துரத்துகிறோம் என்று சொல்ல வெட்கப்பட்டு, சிறைக்கதவு திறக்கிற சொல்லை எடுத்து அதற்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அந்நியர். அவர்கள் செய்ததைவிட, அதற்குப் பிறகு ரெக்ஸ்டேலில் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

ஜெயமலர் அக்கா அடுத்த நாளே மகனுக்கு விமான ரிக்கற் போடச் சொன்னார். சச்சி அண்ணை மறுத்துவிட்டார். சுற்றுப்போட்டி முடியட்டும், சனம் கொஞ்சம் மறக்கட்டும் என்றார். பெடியன் லண்டனில் ஒரு சினேகிதனின் சோபாவில் படுத்துக்கொண்டிருந்தான்.

ஷெட்டில் நான் நேரே கேட்டேன். "அண்ணை, பெடியன் வரட்டோ எண்டெல்லே கேட்டவன்?"

"உனக்கு விளங்காது. இப்ப வந்தானெண்டா காணுறவன் எல்லாம் அவனைத்தான் நோண்டுவான். அவனுக்காகத்தான் சொல்லுறன்."

"அவனுக்காகவோ, உங்களுக்காகவோ?"

அவர் ஃபோர்க்லிஃப்டை முடுக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை வீட்டுக்கு வரட்டா என்று கேட்க, ஊர்வாய்க்குப் பயந்து போனை வைத்த மனுசனோடு எனக்கு என்ன கதை?

சுற்றுப்போட்டி வந்து போனது. வேறு யாரோ ஒரு ரியல் எஸ்டேட்காரர் பிரதம விருந்தினராகிக் கோப்பை கொடுத்தார். மிதுனனைப் பற்றி அங்கே ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. சனம் மறப்பதற்கு அவர் அவ்வளவு காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. அன்றைக்குப் பின்னேரமே சச்சி அண்ணை மகனுக்கு எடுத்து, "வா ராசா, அப்பா ரிக்கற் போடுறன்" என்றார்.

"இற்ஸ் ஓகே அப்பா" என்றானாம் மிதுனன். "நான் இஞ்ச பாத்துக்கொண்டன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பகலில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை, பின்னேரங்களில் ஏழாம் பிரிவுக் கழகம் ஒன்றில் பயிற்சி. அங்கே பார்வையாளருக்கு இருக்கை கிடையாது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார்களாம். தாயோடு ஒவ்வொரு ஞாயிறும் மணிக்கணக்கில் கதைப்பான். தகப்பன் போனை வாங்கினால் ஓம், இல்லை, சரி அப்பா. அவ்வளவுதான். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த மரியாதைதான் சச்சி அண்ணையைத் தின்றது. ஏசினால் பரவாயில்லை, ஏசுகிறானில்லையே என்று ஒருநாள் என்னிடம் சொல்லிக் கண்கலங்கினார். அன்றைக்குத்தான் நாங்கள் திரும்பவும் பேசத் தொடங்கினோம்.

சனிக்கிழமைகளில் இயர்போன் போய்விட்டது. ஏழாம் பிரிவுக்கு வர்ணனை இல்லை. மைதானத்தில் நிற்கிற யாரோ ஒரு புண்ணியவான் போனில் தட்டுகிற இரண்டு வரிகள்தான். யார் யார் விளையாடுகிறார்கள், யார் கோல் அடித்தது, என்ன மழை. சச்சி அண்ணை அதை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தபடி இருப்பார். படம் போட்டால் பெருப்பித்து மகனைத் தேடுவார்.

இந்த ஆவணியில் மிதுனன் வேறொரு கழகத்துக்கு மாறினான். அதுவும் ஏழாம் பிரிவுதான். மாறின செய்தியைத் தாய்க்குத்தான் சொன்னான். முதலாவது ஆட்டத்தன்று சச்சி அண்ணை புதுக் கழகத்தின் பக்கத்தைத் தேடிப்பிடித்து, அணியின் பெயர்களை மேலிருந்து கீழே பார்த்தார். அவர் தேடியது மிதுனன் சச்சிதானந்தன் என்ற நீளமான பெயரை.

"மிதுனனைக் காணேல்லையடா. இண்டைக்கு எடுக்கேல்லைப் போல. நீ ஒருக்காப் பார்."

வாங்கிப் பார்த்தேன். பதினோராம் இலக்கத்தில் இருந்தான். மிதுன் ஜெயமலர்.

எங்கள் ஆட்களில் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் வருவது தகப்பனின் பெயர். அதுதான் பாஸ்போட்டிலும், பள்ளிக்கூடத்திலும், கல்யாண அழைப்பிதழிலும். தகப்பன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கத் தாயின் பெயரைப் பின்னால் போட்ட ஒரு பிள்ளையை நான் கண்டதில்லை. அந்த இடத்தை விரலால் காட்டினேன்.

சச்சி அண்ணை குனிந்து பார்த்தார். ஒருதரம் வாய்க்குள் வாசித்தார்.

"சச்சிதானந்தன் நீளமெல்லே" என்றார். "ஷேர்ட்டிலை அடிக்க இடம் காணாது."

ஏழாம் பிரிவில் சட்டையின் முதுகில் பெயர் அடிப்பதில்லை, இலக்கம் மட்டும்தான். போன வருடம் முழுக்க அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்த மனுசனுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.