அழகான கையெழுத்து

சுபாஷினியின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். கொட்டாஞ்சேனையில் ஒரே வீடாக இருந்ததை யாரோ ஒரு புண்ணியவான் குறுக்கே பலகை அடித்து இரண்டாக்கி, இரண்டு வாடகை வாங்குகிறார். அவள் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். அவள் மகன் தர்ஷன் அழுதால், கணினியில் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கும் என் மேலதிகாரி, பிள்ளையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பெருந்தன்மையோடு அனுமதி கொடுப்பார். எனக்குப் பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. இதை அந்த மனிதருக்கு எத்தனை முறைதான் விளக்குவது?

நான் சொல்வது 2021இல் பயணத் தடை போட்டிருந்த நாட்களைப் பற்றி. பள்ளிக்கூடங்கள் அதற்கு முந்தைய வருடத்திலிருந்தே திறப்பதும் மூடுவதுமாக இருந்து, கடைசியில் இழுத்து மூடப்பட்டிருந்தன. பாடமெல்லாம் போனில். இதற்கு இணையவழிக் கல்வி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரிடம் ஏழு வயதுப் பிள்ளை ஒன்றையும் திரை வெடித்த போன் ஒன்றையும் கொடுத்து, ஒரு கிழமை அறைக்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சுபாஷினி பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வருவார்கள், டீச்சர் வரமாட்டார். பஸ் இல்லை, மழை, சம்பள நாள், ஏதாவது ஒன்று. பிள்ளைகள் தாங்களாகவே வகுப்பில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அப்படியும் முட்டி மோதி சாதாரண தரப் பரீட்சை வரை படித்துவிட்டுக் கொழும்புக்கு வந்தவள், வெள்ளவத்தையில் முதலில் புடைவைக் கடையிலும் பிறகு ஒரு பாமசியிலும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருகொடவத்தையில் கண்டெய்னர் லொறி ஓட்டும் யோகராஜைக் கட்டிக்கொண்டாள். ஒரே மகன். அவனைக் கொட்டாஞ்சேனையில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவள் நடையாய் நடந்தது எனக்குத் தெரியும்.

"அங்கெல்லாம் டீச்சர்மார் ஒரு நாள்கூட லீவு போட மாட்டாங்களாம் அக்கா," என்று இடம் கிடைத்த அன்று என்னிடம் சொன்னாள். முகமெல்லாம் பல்.

தர்ஷன் முதலாம் தரத்தில் சேர்ந்து, சப்பாத்து காலைக் கடிப்பது நிற்பதற்குள் கொரோனா வந்துவிட்டது. இப்போது அவன் இரண்டாம் தரம். அவனுடைய அனுஷியா டீச்சரை அவன் நேரில் பார்த்த நாட்கள் மிகக் குறைவு.

பயணத் தடையில் பாமசி திறந்திருந்தது, ஆனால் சனம் வர முடியாது. அதனால் வாடிக்கையாளர்கள் டொக்டரின் மருந்துச் சீட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதை வாங்கி, பெயர் விலாசம் கேட்டு, கடையில் இருக்கும் மருந்தாளர் பிறெடிக்கு அனுப்புவது சுபாஷினியின் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று முதலாளி சொன்னது பெரிய உபகாரம். ஆனால் போன் ஒன்றுதான். அதே போனில்தான் தர்ஷனின் பள்ளிக்கூடமும்.

காலையில் சூம் வகுப்பு என்று செய்தி வரும். சுபாஷினி பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைப்பாள். இணையம் என் வீட்டிலிருந்துதான் போகும், கடவுச்சொல்லை நானே கொடுத்திருந்தேன். திரையில், நடத்துபவர் வரும்வரை காத்திருக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். பிள்ளை காத்திருக்கும். மருந்துக்காரர்களின் அழைப்புகள் வந்து வந்து அறுபடும். சுபாஷினி கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். கடைசியில் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி விழும்: இன்று வகுப்பு இல்லை, பிள்ளைகள் சுயமாகச் செய்யட்டும், பக்கம் அனுப்பியுள்ளேன்.

சுயமாக! ஏழு வயதுப் பிள்ளை சுயமாகச் செய்யக்கூடியது மூக்கு நோண்டுவது ஒன்றுதான்.

பக்கத்தோடு டீச்சரின் குரல் பதிவும் வரும். பாடத்தை டீச்சர் வாசிப்பார், பிள்ளைகள் கேட்டு வாசிக்க வேண்டும், பிறகு கொப்பியில் எழுதிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்தக் கிழமைப் பாடம் நத்தையைப் பற்றியது. மழை வந்தது, தவளை பாடியது, நத்தை மெல்ல மெல்ல மரத்தில் ஏறியது. தர்ஷன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே பாடம் மனப்பாடமாகிவிட்டது. ஒரு தடவை கம்பனிக்கு எழுதிய மின்னஞ்சலில் நத்தை என்று அடித்துவிட்டு அழித்தேன்.

ஒரு நாள் மின்சாரம் போய் போனும் செத்துக் கிடந்தது. சும்மா இருக்கும் பிள்ளையிடம், "புத்தகத்த எடுத்து நத்தப் பாடத்த வாசி பாப்போம்," என்றாள் சுபாஷினி. அவன் எடுத்தான். விரலை வைத்து, தண்ணீர் பட்ட பாடாய் வாசித்தான். தோட்டத்துத் தமிழ் பேசும் பிள்ளை, டீச்சரின் யாழ்ப்பாண இழுவையோடு அச்சு அசலாக வாசித்தான். கடைசி வரி முடிந்ததும் லேசாகச் செருமி, "சரியோ பிள்ளையள், இனி நீங்கள் சொல்லுங்கோ," என்றும் வாசித்தான்.

அவள் சிரித்துவிட்டாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். அவன் விரல் வைத்திருந்தது பக்கத்துப் பாடத்தில், வாழைப்பழத்தைப் பற்றிய பாடத்தில்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாததால் என்னவோ ஏதோ என்று நான் போனேன். சுபாஷினி ஒரு எழுத்தைக் காட்டி என்ன என்று கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இன்னொன்று. மறுபடி முகத்தைப் பார்த்தான். கொப்பியை எடுத்துப் பார்த்தோம். முத்து முத்தாக எழுதியிருந்தான். எழுதவில்லை, பூப் போடுவதுபோல ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து வரைந்திருந்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் குழுவில் நட்சத்திரம் வாங்கியிருந்தான்.

"வருசம் முடிஞ்சா மூணாம் தரம் அக்கா," என்றாள். "எழுத்தே தெரியாம போயிருவான். யாருக்கும் தெரியவே தெரியாது." அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எனக்கும்தான்.

அன்றிலிருந்து அவளே அ, ஆ என்று உட்கார்ந்தாள். இரண்டு எழுத்து சொல்லிக்கொடுப்பதற்குள் ஒரு சீனி வருத்தக்காரர் இன்சுலின் கேட்டுக் கூப்பிடுவார். மூன்றாவது எழுத்தில் ஒரு வயிற்று வலி. பிள்ளையோ, "மிஸ் இப்பிடி சொல்லல," என்று அடம்பிடிப்பான். அவனுக்கு மிஸ் சொல்வதுதான் வேதம், அம்மா பாமசிக்காரி. அவன் வாசிப்பதை ஒரு தடவை கேளுங்கள் மிஸ் என்று அவள் டீச்சருக்குத் தனியாக எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். கும்பிடு போடும் படம் ஒன்று வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது. ஒரே நேரத்தில் மருந்துச் சீட்டும் வீட்டுப்பாடமும் போனில் இருந்தன. அடுப்பில் சோறு பொங்கியது. சுபாஷினி இரண்டையும் அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் பிறெடி கூப்பிட்டார்.

"சுபா, இது என்ன மருந்து? தவளை பாடியது, நத்தை ஏறியது எண்டு கிடக்கு. ஆருக்கு இது?"

அவள் போனைத் திறந்து பார்த்தாள். மருந்துச் சீட்டு வகுப்புக் குழுவுக்குப் போயிருந்தது. ஒரு பெரியவரின் பிரஷர் குளிசைகள், டொக்டர் கையால், கோழி கிளறியதுபோல. அதன் கீழே அனுஷியா டீச்சரின் பதில் ஏற்கனவே வந்திருந்தது. மூன்று நட்சத்திரம். "மிக நன்று தர்ஷன். அழகான கையெழுத்து."

அவள் போனைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பிறெடி அண்ணன் ஒரு நிமிசத்துல பாத்துட்டாரு அக்கா. மருந்து விக்கிறவரு. இவங்க பாக்கவே இல்ல."

தாய்மாருக்கென்று, டீச்சர் இல்லாத வேறொரு குழு இருந்தது. அதில் எந்நேரமும் எண்ணெய் கொதிக்கும். டீச்சர் வருவதில்லை, பார்ப்பதில்லை, எல்லாம் எங்கள் தலையில்தான் என்று எல்லாரும் எழுதுவார்கள். அதில் பெரிய வாய் ஷபீகாவுடையது. அவளுடைய மகள் அர்பாவும் அதே வகுப்பு. யாராவது தைரியமாகக் கேட்டால் நான் முதல் ஆளாகப் பின்னால் நிற்பேன் என்று எழுதியவள் அவள்தான்.

சுபாஷினி கேட்டாள். டீச்சர் இருக்கும் குழுவிலேயே எழுதினாள். "மிஸ், அது தர்ஷன் எழுதினது இல்லை. டொக்டர் எழுதின மருந்துச் சீட்டு. தெரியாமல் அனுப்பிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் நீங்கள் பார்க்கவில்லை மிஸ். என் மகனுக்கு எழுத்துத் தெரியாது. அதையும் நீங்கள் பார்க்கவில்லை."

எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று போன் காட்டியது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு தாய், உங்கள் தியாகத்துக்கு நன்றி டீச்சர் என்று எழுதிக் கும்பிடு போட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசையாகக் கும்பிடுகள் வந்து விழுந்தன. ஷபீகா கும்பிட்டதோடு ஒரு ரோஜாப்பூவும் வைத்தாள்.

அந்த ரோஜாப்பூவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஷபீகா தனியாகக் கூப்பிட்டாள். "சுபா, கோவிக்காதீங்க. நீங்க சென்னது எல்லாம் சரி. என்ட மகளும் அந்த வகுப்புலதானே ஈக்கிறா. மிஸ் மனசுல வெச்சிக்கொண்டா என்ன செய்ற?"

"என் மகனும் அந்த வகுப்புலதாங்க," என்று சொல்லிவிட்டு சுபாஷினி போனை வைத்தாள்.

மறுநாள் பின்னேரம் சுவரில் தட்டினாள். டீச்சர் கூப்பிடப் போகிறாராம், நான் கொஞ்சம் வந்து பக்கத்தில் இருக்க வேண்டுமாம். நான் போனேன். ஹெவ்லொக் டவுனிலிருந்து அனுஷியா டீச்சரின் குரல் வந்தது. பதிவில் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே குரல், ஆனால் கோபத்தோடு.

"தர்ஷன்ர அம்மாவோ? நீங்கள் குறூப்பில அப்பிடிப் போட்டிருக்கக் கூடாது. ஓம், நான் பாக்கேல்லைத்தான். நாப்பதுக்கு மேல பிள்ளையள், ஆளுக்கு அஞ்சாறு படம், என்ர போன் இறுகிப்போய் நிக்குது. என்ர பிள்ளையள் மூண்டுக்கும் இந்த ஒரு போன்தான். அவையும் படிக்க வேணுமே?"

அதுவும் நியாயம்தான். எல்லாருடைய பக்கத்திலும் நியாயம் இருப்பது மாதிரி எரிச்சல் தரும் விஷயம் வேறில்லை.

"நான் கொற சொல்லல மிஸ்," என்றாள் சுபாஷினி. "ஒரே ஒரு தடவ அவன் வாசிக்கிறத கேளுங்க. நான் சொல்லிக்குடுத்தா அவன் கேக்க மாட்டேங்கிறான். நீங்க சொன்னா கேப்பான்."

"சரி, குடுங்கோ அவரிட்ட."

சுபாஷினி ஸ்பீக்கரைப் போட்டாள். தர்ஷன் டீச்சரின் குரலைக் கேட்டதும் எழுந்து நின்று கைகட்டிக்கொண்டான். நத்தைப் பாடத்தை வாசிக்கச் சொன்னார் டீச்சர். மேசையில் இருந்த புத்தகத்தை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு பிழையில்லாமல் சொன்னான். இந்தத் தடவை செருமலையும் சரியோ பிள்ளையளையும் விட்டுவிட்டான்.

"எவ்வளவு வடிவா வாசிக்கிறார்!" என்றார் டீச்சர். கோபம் போய்விட்டது. "நீங்கள் ஏன் இப்பிடிப் பயப்பிடுறீங்கள்?"

"புத்தகத்த பாக்காம சொல்றான் மிஸ். உங்க வொய்ஸ கேட்டு மனப்பாடம் பண்ணிட்டான்."

"அப்பிடியோ? சரி. தர்ஷன், புத்தகத்தை எடுங்கோ. நத்தைப் படம் இருக்கிற பக்கம். அதில நத்தை எண்ட சொல் எங்க இருக்கு? விரல் வைச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

படத்தைப் பார்த்துப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டான். விரலைத் தூக்கி, ஒரு நொடிகூட யோசிக்காமல், ஒரு சொல்லின் கீழே வைத்தான்.

"காட்டிட்டேன் மிஸ்!"

"கெட்டிக்காரன்! பாத்தீங்களே அம்மா, நான் சொன்னனான்தானே."

தர்ஷனின் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு நாளும் வெறும் நட்சத்திரமாக வந்த பாராட்டு, இன்று டீச்சரின் வாயாலேயே வந்திருக்கிறது. சுபாஷினி அவனுடைய விரலைப் பார்த்தாள். அது தவளையில் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அப்படியே விட்டால் எல்லாருக்கும் சந்தோஷம். டீச்சருக்குச் சந்தோஷம், பிள்ளைக்குச் சந்தோஷம், குழுவில் போய் அவளும் ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

"இல்ல மிஸ்," என்றாள். "பிழையா காட்டுறான். அது நத்த இல்ல. அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது."

போனில் டீச்சரின் பிள்ளைகள் எதற்கோ சண்டை பிடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

தர்ஷன் விரலைச் சட்டென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். உதடு கோணியது. அடித்திருந்தால்கூட அவன் அம்மாவை அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

"ஏம்மா சொன்னீங்க?" என்றான் அழுதுகொண்டே. "மிஸ்ஸுக்குத்தான் தெரியாதே! மிஸ் எப்பவும் பாக்க மாட்டாங்கதானே!"

போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது.