மூன்றாவது முடிச்சுக்கு முன்

மஞ்சள் கயிற்றில் மூன்று முடிச்சு விழுந்துவிட்டால், விழுந்த இடம் கோயிலானாலும் சரி, நாடக மேடையானாலும் சரி, கல்யாணம் கல்யாணம்தான் என்று ஒன்பது வயதில் நான் நம்பினேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஊரே சிரித்தது. நீங்கள் மட்டும் ஏன் பாக்கி.

எழுபதுகளின் தொடக்கம். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஊர். அதுவரை வரப்பு வெட்டி நாற்று சுமந்துகொண்டிருந்த ஆண்களில் பாதிப் பேர், சவுக்குத் தோப்பை அழித்துக் கட்டிய இரும்புக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். என் அப்பாவும் போனார். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் நாங்கள் அப்பாவை நைனா என்போம். கம்பெனி வந்த பிறகு ஊருக்குள் சைக்கிள் வந்தது, கைக்கடிகாரம் வந்தது, கூடவே ஒரு நாடகக் குழுவும் வந்தது.

குழுவுக்கு எல்லாம் பெரியப்பாதான். கதை எழுதுவார், சொல்லிக் கொடுப்பார், நாடகத்தன்று மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பார். உலகத்தில் நாடகம் என்றால் ராத்திரி. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ராத்திரி பத்து மணி ஷிப்ட். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கே திரையைத் தூக்கிவிடுவார்கள். படுதாவில் எழுதிய முழுநிலவின்மேல் பங்குனி வெயில் சுள்ளென்று அடிக்கும். கதாநாயகன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ‘இந்தக் குளிர்ந்த நிலவொளியில்’ என்று ஆரம்பிப்பார். ஜனங்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கேட்பார்கள்.

நான் சொல்லும் நாடகத்தில் அந்தக் கதாநாயகன் என் நைனா, அவருக்கு அதுதான் முதல் நாடகம். இதில் ஒரு விசேஷம் உண்டு. நைனாவுக்குப் பேச்சு திக்கும்.

சாதாரணத் திக்கல் இல்லை. முதல் எழுத்தில் மாட்டினால் சேற்றில் இறங்கிய வண்டிச் சக்கரம்தான். கழுத்து நரம்பு புடைக்கும், கண் மூடிக்கொள்ளும். வீட்டில் அம்மா இருந்தாள், பாதகமில்லை. அவர் “உ... உ... உ...” என்பார். “உப்பு போதும்ன்றாரு” என்று அம்மா முடித்து வைப்பாள். முக்கால்வாசி சரியாகத்தான் முடிப்பாள். சில நாள் அவர் சொல்ல வந்தது வேறு ஏதோவாக இருந்திருக்கும். அதற்கும் தலையாட்டிவிட்டு உப்பில்லாத சோற்றைச் சாப்பிடுவார்.

ஆனால் பெரியப்பா எழுதிய வசனம் அவருக்குத் திக்காது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஒத்திகை நடந்த பள்ளிக்கூடத்துக்கு அவர் முதலில் பெஞ்சு தூக்கத்தான் போனார். கதாநாயகனாக நடித்தவருக்கு அன்றைக்கு ஷிப்ட் மாறிவிட்டது. “சும்மா அந்த எடத்துல நில்லுடா” என்று பெரியப்பா தம்பியை நிறுத்தினார். நின்றவர், ஒரு மாதம் காதால் கேட்ட வசனத்தை ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரு சிக்கல் இல்லாமல் சொல்லி முடித்தார். ஆர்மோனியம் வாசித்தவர் கையை எடுத்துவிட்டாராம். அதற்குப் பிறகு பழைய கதாநாயகன் வில்லனாகிவிட்டார்.

என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தந்திச் சேவகன் வேஷம். நைனாவின் பழைய காக்கிச் சட்டையை வெட்டித் தைத்த உடுப்பு, கையில் ஒரு சைக்கிள் மணி. மேடையில் சைக்கிள் ஏறாது, மணி மட்டும் ஏறும். கல்யாணக் காட்சியில் மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சு போட்டதும் மேளம் நிற்கும். நான் மணியடித்துக்கொண்டு போய், “சார், தந்தி” என்று சீட்டை நீட்ட வேண்டும். மில் எரிந்து, மாப்பிள்ளை ஒரு நொடியில் ஏழையாகிவிட்டான் என்று அதில் செய்தி. அதைப் படித்துவிட்டு அவர் புது மனைவியிடம் ஒன்றரைப் பக்கத்துக்குப் பேசுவார். நாடகத்தின் உயிரே அந்த ஒன்றரைப் பக்கம்தான்.

இரண்டே சொல் வசனம், அதற்கு ஒத்திகை இரண்டு மாதம். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான இரண்டு மாதம் பிறகு வரவில்லை. பெரிய ஆட்களோடு சரிசமமாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்பேன். யாராவது வசனம் மறந்தால் எல்லோரோடும் சேர்ந்து கேலி செய்வேன். எல்லாவற்றையும்விட, திரும்பி வரும் வழி. என்னை சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு நைனா வயல் நடுவே அந்த ஒன்றரைப் பக்கத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவார். என் உச்சந்தலைக்கு மேலே அவர் குரல் தங்குதடையில்லாமல் ஓடும். வீட்டு வாசலில் இறங்கியதும், “த... த... த...” என்பார். “தண்ணியா? இதோ கொண்டாரேன்” என்பாள் அம்மா.

ஒத்திகைக்குப் பெண்கள் வரும் வழக்கமில்லை. அதனால் அம்மா என்னைத்தான் கேட்பாள்.

“நெசமாவாடா? ஒரு எடத்துலகூட நிக்கலயா?”

“நிக்கலமா. மெயில் வண்டி மாதிரி போய்க்கினே இருக்காரு.”

“சும்மா கத உடாத” என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, “எந்த ஞாயித்துக்கெழம?” என்பாள்.

ஒத்திகையில் மணப்பெண்ணாக நின்றது பெரியப்பா. தோளில் ஒரு துண்டு, மேலுதட்டில் மீசை. நைனா அவர் கழுத்தில் வாழைநார் கட்டுவார். உண்மையான கதாநாயகியை மெட்ராஸிலிருந்து ஒரு நாளைக்கு மட்டும் வரவழைப்பது அக்காலத்து வழக்கம். அந்த ஞாயிறு காலை அவள் பாசஞ்சர் வண்டியில் தன் அம்மாவோடு வந்து இறங்கினாள். என்னைப் பார்த்து, “நீதான் தந்தியா?” என்று கேட்டுக் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

கெடுத்தது மாமா. அம்மாவின் தம்பி, குழுவில் அவருக்குக் கோமாளி வேஷம். மேடைக்கு வெளியேயும் அதை அவர் கழற்றுவதில்லை. மேடைக்குப் பின்னால் முகத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

“இன்னாடா, ஒனக்குப் புது அம்மா வரப் போறா. குஷிதான?”

“டிராமாதான மாமா.”

“டிராமாதான். கயிறுமா டிராமா? அங்க பாரு.”

பார்த்தேன். தட்டில் அட்சதை. அதன்மேல் வாழைநார் இல்லை. நல்ல மஞ்சள் கயிறு, அதில் கட்டிய மஞ்சள் கிழங்கு.

“மூணு முடிச்சு உழுந்துச்சுனா போலீஸே வந்தாலும் அவுக்க முடியாதுடா. சாயந்தரமே ஊட்டுக்கு வந்துடும். பாய் எடுத்து வை” என்றார் மாமா. சொல்லிவிட்டு மீசை ஒட்டிக்கொள்ளப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே சாட்சியாகிவிட்டது. அந்த அக்கா ஒரு தடவை வசனம் பார்த்துக்கொள்ள நைனாவை “அத்தான்” என்றாள். மதியம் அவள் சாப்பிட்டது அம்மா செய்து அனுப்பிய பழவேற்காட்டு இறால் தொக்கு. எங்களுக்கே தீபாவளிக்குத்தான் அந்தத் தொக்கு. வரப்போகிறவளுக்கு அம்மாவே ஆக்கிப் போட்டு அனுப்புகிறாள் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று முடிவு செய்தேன். காலையில் அம்மாவின் உள்ளங்கை இரண்டும் மஞ்சளாக இருந்ததும் ஞாபகம் வந்தது. பாவம், கடைசியாக ஒரு தடவை மஞ்சள் பூசிக் குளித்திருக்கிறாள். கூடப்பிறந்த மாமாவே சிரித்துக்கொண்டு சொல்கிறார், அவரையும் அந்தப் பக்கம் இழுத்துவிட்டார்கள். வீட்டில் இருப்பது இரண்டு பாய். யார் எங்கே படுப்பது? முட்டை வாங்கினால் மஞ்சள்கரு யாருக்கு? மணியை வைத்துவிட்டுக் கருவேலம் புதர்ப் பக்கம் இரண்டு முறை ஓடினேன்.

கல்யாணக் காட்சி வந்தது. படுதா ஓரமாக நின்று பார்த்தேன். முதல் வரிசையில் பாய் போட்டு, அம்மா உட்கார்ந்திருந்தாள். புதுச்சேலை. முந்தானையை இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

“கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்றது பெரியப்பாவின் குரல். நைனா கயிற்றைக் கையில் எடுத்து அந்த அக்காவின் கழுத்துக்குக் கொண்டுபோனார். முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது விழுந்தது.

நான் மணியடித்துக்கொண்டு மேடைக்குள் ஓடினேன்.

மேளம் தடுமாறி நின்றது. “இன்னும் இல்லடா, உள்ள போ” என்று மறைவிலிருந்து பெரியப்பா சீறினார். இதுவரைக்கும்கூட ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ‘சார், தந்தி’ என்று சொல்லியிருந்தால் நைனா சமாளித்திருப்பார். சார் என்று கூப்பிட்டால் அவர் மில் முதலாளி. நான் அப்படிக் கூப்பிடவில்லை.

“நைனா, வாணாம் நைனா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். முதலாளி எங்கோ போய்விட்டார். காக்கிச் சட்டையை வெட்டிக் கொடுத்த ஆள் மட்டும் ஜரிகைத் தலைப்பாகையோடு நின்றார். எனக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைப் பெரியப்பா எழுதி வைத்திருக்கவில்லை.

“நீ...” என்றார் நைனா. “நீ... நீ... நீ...”

கழுத்து நரம்பு புடைத்தது. கண் மூடிக்கொண்டது. பின்வரிசையிலிருந்து ஒருவன், “இன்னாபா, மாப்ள ரெக்கார்டு மாட்டிக்கிச்சா?” என்றான். சிரிப்பு அலையாக எழுந்தது. அப்போதும் நைனா விடாமல் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வந்திருக்கும் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. இன்னும் ஒரு மூச்சு கிடைத்திருந்தால் வந்திருக்கும்.

முதல் வரிசையிலிருந்து அம்மா, பத்து வருஷப் பழக்கத்தில், உரக்கச் சொன்னாள்: “நீ உள்ள போன்றாரு.”

அதற்கு விழுந்த சிரிப்பில் மேடைப் படுதா ஆடியது. அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா கயிற்றை விட்டுவிட்டு உள்ளே போனார். திரை விழுந்தது.

கால் மணி நேரம் கெஞ்சிப் பார்த்தார்கள். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. கடைசியில் பெரியப்பாவே தலைப்பாகையை வாங்கிக் கட்டிக்கொண்டு, கையில் நோட்டோடு போய் மூன்றாவது முடிச்சைப் போட்டார். ஒன்றரைப் பக்கத்தையும் அவரே பார்த்துப் படித்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. கீழே கிடந்த தந்தியை எடுத்து என் சட்டைப் பையில் திணித்து, “இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருக்கலாம்ப்பா” என்றாள். மாமா மட்டும் என் பக்கமே வரவில்லை.

பத்து மணி ஷிப்டுக்கு நைனா ஆறு மணிக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குழு அதற்குப் பிறகும் ஐந்தாறு நாடகம் போட்டது. பெரியப்பா மூன்று முறை வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். நைனா மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். அன்றிலிருந்து அம்மா அவர் பேச்சை முடித்து வைப்பதை விட்டுவிட்டாள். அவராக முடிக்கும்வரை கரண்டியைக் கையில் பிடித்தபடி நிற்பாள். எவ்வளவு நேரமானாலும் நிற்பாள். ஏன் ஓடினாய் என்று இருவருமே என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

என் கல்யாணத்தன்று காலையில் அம்மா தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். நைனா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதனால் தடவி முடித்ததும் அத்தையிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அன்னிக்கி டிராமாவுக்கும் நான்தான்டா தடவிக் குடுத்தேன். தூரத்துல இருக்கறவங்களுக்கும் தெரியணும்னு ரெண்டு தபா தடவினேன்.”

அந்தக் கயிற்றைச் செய்து கொடுத்தது அம்மா. முதல் வரிசையில் பாய் போட்டது, அந்த ஒன்றரைப் பக்கத்தை நைனா பேசிக் கேட்பதற்கு. அவள் கடைசிவரை அதைக் கேட்கவில்லை.