அவகாசம்

எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை காலம் தயங்கினேன். ஐந்தாவது வரை படித்தவள் நான். கோர்ட்டு, சட்டம் என்று எழுதினால் ஊரில் சிரிப்பார்களே என்ற கூச்சம். முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் ஆரியசாலைக்குக் குடிவந்து சில வருடம் ஆகியும் ஒரு சொல் எனக்குப் பழகவில்லை. விளக்கை அணைப்பதை இங்கே 'கெடுத்துவது' என்கிறார்கள். எங்கள் அம்பாசமுத்திரத்தில் சாமி விளக்கைக் குளிர வைப்போம். எல்லையில் சண்டை மூண்ட வாரம், ஒருநாள் அந்தியில் விளக்கணைக்கச் சொல்லிச் சங்கு ஊதியது. தெருவே இருண்டது. "சேச்சி, விளக்கு கெடுத்து!" என்றது ஒரு குரல். தினமும் என்னோடு பேசுகிற யாரோதான், யாரென்று தெரியவில்லை. திரியை அமர்த்தும்போதே போன் வந்தது. விழிஞ்ஞம் துறைமுகத்தில் கம்பி கட்டுகிற என் தம்பி செல்வத்தைப் போலீஸ் பிடித்துவிட்டது. ஊரிலிருக்கும் மகளுக்குக் காட்டக் கப்பலைப் படம் எடுத்திருக்கிறான். ஒற்றன் என்று கூட்டம் கூடிவிட்டது.

வீட்டுக்காரர் சரக்கெடுக்க நாகர்கோவில் போயிருந்தார். தனியாகத்தான் ஓடினேன். ஸ்டேஷன் வாசலில் முகங்கள் தெரியவில்லை, குரல்கள் மட்டும். "யுத்த சமயத்து எந்து கோடதி? அவனெ இங்ஙோட்டு விடு!" சண்டை நேரத்தில் கோர்ட்டு எதற்கு, எங்களிடம் விடு என்கிறார்கள். கதவை மறித்து நின்ற பெண் எஸ்.ஐ. சத்தம் உயர்த்தாமல், "பற்றில்ல. அவனு அவகாசமுண்டு" என்றார்.

பற்றில்ல என்றால் முடியாது, அது தெரியும். நமக்கு அவகாசம் என்றால் நேரம். இன்னும் நேரமிருக்கிறது என்று யாரைச் சொல்வார்கள்? சாகக் கிடப்பவர்களைப் பற்றி ஆஸ்பத்திரியில் கேட்ட பேச்சு அது.

"எவ்வளவு அவகாசம்மா?"

"எல்லா அவகாசவும் உண்டு அம்மே. நாளெ கோர்ட்டில் வரூ" என்று புன்னகைத்தார். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே குளிர்ந்த விளக்கின் முன் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் மாஜிஸ்ட்ரேட், இவன் மீறிய சட்டம் எது என்று கேட்டார். படத்தில் கப்பலும், பல்லைக் காட்டும் செல்வமும்தான். விட்டுவிட்டார்கள். அவனுக்காக இலவசமாகப் பேசிய வக்கீலிடம் அந்தச் சொல்லைக் கேட்டேன்.

"அவகாசம்னா இங்க உரிமை, அக்கா. சண்டை நடந்தாலும் சரி, இந்தியாவுல எந்த மாநிலத்தான் ஆனாலும் சரி, ஜட்ஜ் முன்னால நிறுத்தாம ஒரு நாளைக்கு மேல உள்ள வச்சுக்க முடியாது. அதைத்தான் அந்த மேடம் கூட்டத்துக்குச் சொல்லியிருக்காங்க."

பஸ்ஸில் செல்வம் மெதுவாகச் சொன்னான்: "யக்கா, வெளிய கத்துனதுல ஒரு குரல் எனக்குத் தெரியும். தெனமும் டீ தர்றவரு."

இப்போதும் அந்தியில் விளக்கேற்றி, "எல்லாருக்கும் அவகாசம் கொடுப்பா" என்று கும்பிடுகிறேன். எந்தப் பாஷையில் கேட்கிறேன் என்று முருகனுக்குத்தான் வெளிச்சம். கும்பிட்டபின் அன்று கேட்ட குரலைத் தேடித் தெருப்பக்கம் காது போகிறது. இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அந்தப் பெண் சொன்ன சொல்லை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அப்படியே சொல்லுங்கள்.